நீல முக்காட்டுக்காரி

திசையன்விளையில் ஃபிளோரா வீட்டு ஜெபப் பீடத்தில் மூன்று தலைமுறையாக மாதாவென்று வணங்கிவந்தது, உள்ளங்கை அகலமுள்ள ஒரு பழைய ஓவியத்தை. நீல முக்காட்டுக்காரி ஒருத்தி மடியில் குழந்தையோடு இருப்பாள். மாமனாரின் தகப்பனார் கப்பலில் வேலைபார்த்தபோது பம்பாயில் வாங்கிவந்தது. கரையான் அரித்த சட்டத்தை மாற்றக் கொடுத்தபோது, கடைக்காரர் படத்தின் பின்புறத்து எழுத்தைக் காட்டினார்.

"பாரசீக எழுத்து மாதிரி இருக்கு. மேலப்பாளையத்துப் பள்ளிவாசல்ல ஒரு ஹஸ்ரத் வாசிப்பாரு."

அதற்குப்பிறகு ஃபிளோராவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அடுப்பில் வைத்த பால் இரண்டு தடவை பொங்கி வழிந்தது. மூன்றாம் நாள் படத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

ஹஸ்ரத் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து வாசித்தார்.

"மொகலாய அரண்மனைப் படம்மா. இளவரசருக்குப் பால் கொடுத்த தாதின்னு எழுதியிருக்கு."

"அப்போ மாதா இல்லையா?"

"இல்லம்மா."

"அவ பேரு?"

"பேரு போடல."

வீட்டுக்கு வந்து கணவன் வியாகுலத்திடம் சொன்னாள்.

"பிள்ளைய வச்சிருக்காள்லா, அங்கனயே இருக்கட்டும்" என்றான் அவன்.

சாயங்கால ஜெபமாலையில், மறுபடி பீடத்தில் வைத்த படத்தைப் பார்த்த ஃபிளோராவுக்கு விரலில் மணி நகரவில்லை. இவள் அரண்மனைப் பிள்ளைக்குப் பால் கொடுத்த நேரத்தில் இவளுடைய பிள்ளை எங்கே கிடந்து அழுததோ. இவளிடம் வேண்டுவதா, இவளுக்காக வேண்டுவதா? எழுந்து வாசல்வரை போனாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். கடைசியில் மரித்த ஆத்துமாக்களுக்கான ஜெபத்தில், மாமியார் பேருக்கு அடுத்து, "அந்தப் பால் கொடுத்தவளுக்காகவும்" என்று சேர்த்துச் சொன்னாள்.

வியாகுலம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, "ஆமென்" என்றான்.