காரணம் போதாது

கோபாலசாமி முப்பத்துநாலு வருஷம் ஊட்டி கலெக்டர் ஆபீசில் குப்பை கொட்டியவர். ஹெட் கிளார்க்காக ஓய்வு பெற்ற அந்த மனுஷருக்கு உலகத்தில் ஒரே ஒரு நம்பிக்கைதான்: சர்டிபிகேட் இல்லாமல் எந்தக் காரியமும் நடக்காது. எழுபத்தேழாம் வருஷக் கடைசியில் ஷார்ஜாவுக்கு, மகள் பிரபாவதி வீட்டுக்குக் கிளம்பியபோதே பெட்டியில் வேட்டிக்கு அடியில் டாக்டர் சர்டிபிகேட்டையும், அட்டஸ்டேஷன் வாங்கிய நகல்கள் மூன்றையும் வைத்துக்கொண்டுதான் விமானம் ஏறினார்.

தை பிறந்தால் விசா முடிகிறது. ஊட்டியில் அப்போது புல்லெல்லாம் பனி உறைந்து கிடக்கும், இவருக்கோ இழுப்பு. ஆனால் உண்மையைச் சொன்னால், இழுப்பு ஒரு சாக்குதான். மனைவி ராதா போய்ச் சேர்ந்து ஒன்றரை வருஷமாக அந்த வீட்டில் அவர் ஒண்டிக்கட்டை. யாரும் இல்லாத வீட்டில் இருமுவதற்கே அவருக்குப் பயமாக இருந்தது. பங்குனி வரைக்குமாவது மகளோடு இருந்துவிட வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அதை வாயைத் திறந்து சொல்வாரா? கௌரவம் என்னாவது!

விசாவை நீட்டிக்க மாப்பிள்ளை சேதுராமன் விண்ணப்பம் வாங்கி வந்தார்.

"நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க மாமா. மத்ததை நான் எழுதிக்கறேன்."

"நல்லா இருக்கே! ஆயுசு பூரா அப்ளிகேஷன் பாத்தவன்கிட்டயா மாப்ளே?" என்று பேனாவைப் பிடுங்கிக்கொண்டார் கோபாலசாமி.

காரணம் என்ற இடத்தில், நாட்பட்ட மார்பு நோய், குளிர்ப் பிரதேசத்தில் வசிக்கக் கூடாது என்று ஆங்கிலத்தில் அச்சுக் கோத்தாற்போல் எழுதினார். சர்டிபிகேட்டையும் சேர்த்துக் குண்டூசியால் குத்தினார்.

அங்கேதான் வந்தது வினை. நோய் என்று எழுதினால் நம்மூர் ஆபீசில் இரக்கப்படுவார்கள், லீவு கிடைக்கும். இங்கே நோயாளியை முதல் விமானத்தில் அல்லவா ஏற்றிவிடுவார்கள்! மார்பு நோய் என்று படித்ததுமே விசா ஆபீஸ் கவுண்டரில் இருந்த அதிகாரி நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். காசநோய் என்று முடிவே கட்டிவிட்டார் மனுஷன். "மாஃபி, மாஃபி" என்று, கிடையாது என்பதுபோல் கையை ஆட்டி, மூன்று நாளில் ஊர்போய்ச் சேரச் சொல்லிவிட்டார்.

தன் கையாலேயே தன் தலையில் மண்ணைப் போட்டுக்கொண்டோமே என்று மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்கவே வெட்கப்பட்டார் கோபாலசாமி.

சேதுராமன் ஓடிப்போய்த் தன் முதலாளி மக்தூமை அழைத்து வந்தார். விசாவுக்குப் பொறுப்பேற்ற கஃபீலும் அவர்தான். பம்பாய் போய்வந்து வியாபாரம் செய்தவர், இந்தி நன்றாகப் பேசுவார். அவர் அதிகாரியோடு மல்லுக்கட்டி, பெரியவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பி எக்ஸ்ரே எடுக்க வைத்தார். காசம் இல்லை என்று மறுநாள் முடிவு வந்தது. பழைய விண்ணப்பம் போனது போனதுதான், புதிதாக ஒன்று எழுதச் சொன்னார்கள்.

"பாபா எதுக்காக இங்க இருக்கணுமாம்? நிஜமான காரணத்தை எழுதச் சொல்லு" என்றார் மக்தூம் இந்தியில்.

சேதுராமன் தமிழில் கேட்டார்.

"பொண்ணோட இருக்கணும். அவ்வளவுதான் மாப்ளே. ஆனா அதெல்லாம் ஒரு காரணமா?"

சேதுராமன் அதை இந்தியில் சொன்னதும் மக்தூமுக்குக் கோபமே வந்துவிட்டது. "இதைவிடப் பெரிய காரணம் என்ன வேணும்? யல்லா, எழுதுங்க!"

எழுத உட்கார்ந்தவருக்குக் கை ஓடவில்லை. எத்தனையோ பக்கம் நோட் எழுதித் தள்ளிய கை அது. என் மகளோடு கொஞ்ச காலம் இருக்க விரும்புகிறேன் என்ற ஒரு வரிக்கு அரைமணி நேரம் பிடித்தது. கூடவே இணைக்க ஒரு காகிதமும் இல்லை. குண்டூசி விரலிடுக்கில் சும்மா இருந்தது.

அதிகாரி படித்தார். ஒரு கேள்வி கேட்கவில்லை. மூன்று மாதத்துக்கு முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார்.

வெளியே காரில் காத்திருந்த பிரபாவதி பாஸ்போர்ட்டைப் பிடுங்கிப் பார்த்துக் குழந்தை மாதிரி கூவினாள். "பங்குனி முடியற வரைக்கும் இருக்கலாம்ப்பா!" நிமிர்ந்து பார்த்தால் அப்பாவின் கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"ஐயோ, என்னப்பா இது? நல்ல நேரத்துல..."

"கார்மேகம்னு ஒரு பியூன் இருந்தானே, ஞாபகம் இருக்காம்மா?"

"நம்ம வீட்டுக்கு ஃபைல் தூக்கிட்டு வருவாரே, பரமக்குடிக்காரர்."

"அவன்தான். பத்து நாள் லீவு கேட்டான். வயசான அப்பா ஊர்ல தனியா இருக்காரு, கூட இருந்துட்டு வரேன்னு எழுதியிருந்தான். சர்டிபிகேட் வைக்கலை. காரணம் போதாதுன்னு எழுதித் திருப்பி அனுப்பினவன் நான்தாம்மா."

பிரபாவதி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்புறமாவது அவருக்கு லீவு கிடைச்சுதாப்பா?"

"கிடைச்சுது. நானே சாங்ஷன் பண்ணினேன்" என்றார் கோபாலசாமி. "அந்தத் தடவை ஊர்லேருந்து வந்த தந்தியை இணைச்சிருந்தான்."