ரோஜா மாலைக்கு ஏசி

மோர் தயாராக இருந்தது. குடிக்கத்தான் யாரையும் விடவில்லை.

கிடர்பூர் பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய நடைபாதையில் தமிழர் நலமன்றத்தின் நீர்மோர்ப் பந்தல் காலையிலேயே எழும்பிவிட்டது. மூன்று எவர்சில்வர் அண்டாக்கள். ஒவ்வொன்றின் வாயிலும் வெள்ளைத் துணி கட்டி, அதன்மேல் சிவப்பு ரிப்பன் சுற்றியிருந்தார்கள். பக்கத்தில் பித்தளைத் தட்டில் சந்தனம், குங்குமம், புதுக் கத்திரிக்கோல். அலிப்பூரிலிருந்து ஓர் உயரதிகாரி வந்து ரிப்பனை வெட்டி, முதல் தம்ளரை ஓர் ஏழையின் கையில் கொடுப்பார். போட்டோ எடுப்பார்கள். அதற்குப் பிறகுதான் மற்றவர்களுக்குத் தாகம் எடுக்கலாம்.

அதிகாரி பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். இப்போது உச்சி வேளை.

மே மாதக் கடைசி. மழை வராமல் மேகம் மட்டும் வந்து அந்த வங்காள நகரத்தின்மேல் மூடிபோட்டது மாதிரி கிடந்தது. வெயில் குறைவுதான். ஆனால் சும்மா நின்றாலே முதுகில் வியர்வை ஓடியது. ஓடியது காயவில்லை. துடைத்த இடத்தில் மறுபடி ஊறியது.

விடிவதற்கு முன்பே எழுந்து தயிரைக் கடைந்து, இஞ்சியும் கறிவேப்பிலையும் தட்டிப்போட்டு, உப்பைத் தாராளமாகக் கலந்தவள் விஜயா. தூத்துக்குடிக்காரி. அவள் அப்பாவும் அம்மாவும் உப்பளத்தில் வேலை பார்த்தவர்கள். புருஷன் சந்தானத்துக்கு இங்கே ஒரு சரக்கு நிறுவனத்தில் கணக்கு எழுதும் வேலை. அந்த நிறுவனத்தின் மேலாளர் ஜம்புநாதன்தான் மன்றத்துக்கும் செயலாளர். அதனால் மன்றத்துக்கு மோர் கடைவது விஜயாவின் வேலை என்று யாரும் சொல்லாமலே முடிவாகியிருந்தது.

பேருந்திலிருந்து இறங்கிய ஒருத்தி அண்டாவைப் பார்த்துக் கை நீட்டினாள். ஜம்புநாதன் சிரித்துக்கொண்டே வங்காள மொழியில் சொன்னார், கொஞ்சம் பொறுக்க வேண்டும் என்று. அவள் பொறுக்கவில்லை. முணுமுணுத்தபடி போனாள்.

"என்ன திட்டிட்டுப் போறா?" என்றார் அவர்.

"குடுக்க மனசில்லன்னா எதுக்குக் கடை விரிச்சிருக்கீங்கன்னு கேக்கா," என்றாள் விஜயா.

"ஏ, சும்மா இரு," என்றான் சந்தானம், வாயைத் திறக்காமலே.

ஜம்புநாதன் வேலூர்க்காரர். பந்தலின் மூன்று பக்கமும் வெட்டிவேர்த் தட்டிகளைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். ஊரிலிருந்து ரயிலில் வரவழைத்தவை. அவற்றின்மேல் விடாமல் தண்ணீர் தெளிக்கச் சொல்லியிருந்தார். வாசனை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளே நின்றால் இட்லிக் கொப்பரைக்குள் நிற்பதுபோல இருந்தது. காற்று ஊடாடிப் போக ஒரு சந்துகூட இல்லை. ஒரே ஒரு பெடஸ்டல் ஃபேன் அந்த ஈரத்தையே அள்ளி மறுபடி முகத்தில் அடித்தது.

"வேலூர்ல நாப்பத்திமூணு டிகிரிம்மா. தட்டி கட்டித் தண்ணி தெளிச்சா உள்ள மார்கழி மாதிரி இருக்கும். இங்க என்ன, முப்பத்தாறு. இதுக்குப் போய் இந்த வங்காளிங்க செத்தேன் பொழச்சேன்னு கத்தறாங்க."

"அங்க காத்து காஞ்சு கெடக்கும் சார். இங்க நேத்துத் தொவைச்ச பாவாடை இன்னும் கொடியில சொட்டிக்கிட்டு நிக்குது. பாவாடையே காயாத ஊர்ல தட்டிய நனைச்சு என்னத்துக்கு?"

"நீங்க மோரப் பாருங்க. அதுல நீங்கதான் எக்ஸ்பர்ட்."

விஜயா புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். தெருவோரத்தில் ஜம்புநாதனின் கார் இன்ஜின் ஓடியபடி நின்றது. கண்ணாடிகள் ஏற்றியிருந்தன. பின் இருக்கை முழுக்க ரோஜா மாலைகளும் ஒரு பெரிய பூங்கொத்தும். அதிகாரி வரும்வரை வாடக்கூடாது. அதற்காகத்தான் காலையிலிருந்து ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

அப்போது மொக்லேஸ் கைவண்டியை இழுத்துக்கொண்டு வந்தான். முர்ஷிதாபாத்காரன். பந்தல் மூங்கிலையும் அண்டாக்களையும் விடிகாலையில் கொண்டுவந்து இறக்கியவன் அவன்தான். இப்போது ஐஸ் பாளங்கள். சாக்கில் சுற்றியிருந்தாலும் வழியெல்லாம் உருகி ஒழுகியிருந்தது. அவற்றை இறக்கிவிட்டு, வண்டியின் சக்கரத்தில் சாய்ந்து நின்று விஜயாவைப் பார்த்தான்.

"பௌதி, ஜொல்."

அண்ணி, தண்ணீர். முந்தைய நடையிலேயே அவள் தன் பாட்டிலை அவனுக்குக் கொடுத்துவிட்டாள். அது காலி. தெருக்குழாயில் காற்றுதான் வந்தது. தட்டிக்குத் தெளிக்கும் வாளித் தண்ணீர் வாயில் வைக்கிற தண்ணீர் இல்லை. பந்தலில் இருந்த தண்ணீர் பாட்டில்கள் அதிகாரியோடு வருகிறவர்களுக்கு என்று ஒரு பெட்டிக்குள், ஜம்புநாதனின் நாற்காலிக்கு அடியில் இருந்தன.

விஜயா தம்ளரை எடுத்துக்கொண்டு அண்டாவின் ரிப்பனில் கை வைத்தாள்.

"என்னம்மா பண்றீங்க? ரிப்பன்."

"ஒரு தம்ளர் சார். அவன் சட்டையப் பாருங்க, உப்புப் பூத்துக் கெடக்கு."

"ஃபோன் வந்துடுச்சு. பாலத்துக்கிட்ட வந்துட்டாரு. பத்து நிமிஷம். அதுக்குள்ள கல்யாண ஹால்லேர்ந்து அந்த வாடக சோபாவ இவன எடுத்துட்டு வரச் சொல்லுங்க. அவ்ளோ பெரிய மனுஷன பிளாஸ்டிக் சேர்லயா உக்கார வைக்கிறது? வந்ததும் முதல் தம்ளர் இவனுக்கேதான். நான் முடிவு பண்ணிட்டேன். மூஞ்சி நல்லா இருக்கு, போட்டோவுக்கு."

"அந்தப் பெட்டியில ஒரு பாட்டிலாவது..."

"எண்ணி வாங்கினது அது."

சந்தானம் அவள் கையிலிருந்த தம்ளரை மெல்ல வாங்கிக் கீழே வைத்தான். "எனக்குத் திங்கக்கிழமை ஆபீஸ் இருக்கு விஜயா," என்றான். மொக்லேஸ் இருவரையும் பார்த்தான். மொழி புரியாவிட்டாலும் விஷயம் புரிந்தது. ஜம்புநாதன் கை காட்டிய ஹால் பக்கம் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான்.

விஜயாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. உப்பளத்தில் கங்காணி மோசமானவன்தான். வாயைத் திறந்தால் வசவு. ஆனால் அவன்கூடத் தண்ணீர்ப் பானையை மூடி ரிப்பன் கட்டவில்லை. உப்பு வாருகிறவர்களும் இருட்டோடு இறங்கி, வெயில் ஏறுவதற்குள் கரையேறிவிடுவார்கள். இங்கே புண்ணியம் செய்கிறவர்களுக்கு அந்த அறிவும் இல்லை, அந்த அவசரமும் இல்லை.

பத்து நிமிஷம் போயிற்று. இன்னொரு பத்து நிமிஷமும் போயிற்று. அதிகாரி வரவில்லை. சோபா வந்தது.

வண்டி நேராக வரவில்லை. ஒரு லாரியை உரசப்போய்த் தப்பி, நடைபாதைக் கல்லில் முட்டி நின்றது. மொக்லேஸ் நுகத்தடியைக் கீழே விடாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான். "மாட்ட அவுத்துக் கட்டு," என்கிற மாதிரி வங்காளத்தில் என்னவோ சொன்னான். அங்கே மாடு எதுவும் இல்லை. பிறகு முழங்கால் மடிந்து விழுந்தான். கெண்டைக்கால் சதை முறுக்கிக்கொண்டு துடித்தது.

"உள்ள தூக்குங்க, உள்ள. நிழல்ல போடுங்க," என்றார் ஜம்புநாதன். அவர் நிஜமாகவே பதறிப்போனார். "சோபாவுல வேணாம், ஈரமாயிடும். கீழ போடுங்க. தட்டிக்கு இன்னும் தண்ணி அடிங்க. எங்க ஊர்ல இப்படித்தான் பண்ணுவோம், அஞ்சு நிமிஷத்துல எந்திரிச்சுடுவான்."

தூக்கிப் போட்டார்கள். தட்டிக்கு வாளி வாளியாகத் தண்ணீர் போயிற்று. வெட்டிவேர் மணத்தது. உள்ளே ஆவி இன்னும் கெட்டியாயிற்று. மொக்லேஸின் நெஞ்சு வேகமாக ஏறி இறங்கியது. விஜயா அவன் நெற்றியில் கை வைத்தாள். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம்போலச் சுட்டது. கூப்பிட்டாள். கண் திறந்தான், ஆனால் அவளைப் பார்க்கவில்லை. அவள் மோர்த் தம்ளரை நினைத்தாள். இப்போது வாயில் ஊற்றினால் மூச்சுக்குழலுக்குள் போய்விடும். கேட்டபோது கொடுத்திருக்க வேண்டியது.

"தட்டிய அவுங்க," என்றாள். "காத்து வரட்டும்."

"வெயில் அடிக்கும்மா."

"வெயிலு அவனக் கொல்லல. உங்க புழுக்கந்தான் கொல்லுது."

விஜயா பித்தளைத் தட்டிலிருந்து கத்திரிக்கோலை எடுத்தாள். ஒரு பக்கத் தட்டியின் கயிற்றை வெட்டினாள். அது ஈரச்சாக்கு மாதிரி பொத்தென்று விழுந்தது. அடுத்த பக்கத்தையும் வெட்டினாள். மன்றத்தின் பெயர் எழுதிய பேனரும் அதோடு சேர்ந்து சரிந்தது. தெருக்காற்று, டீசல் நாற்றமும் தூசியுமாக, உள்ளே வந்தது. சாக்கைப் பிரித்து ஐஸைக் கல்லால் உடைத்து, அவன் கழுத்திலும் அக்குளிலும் துணியோடு வைத்தாள். ஃபேனை அவன் பக்கம் திருப்பினாள்.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோணும். உங்க காரத் தாங்க சார்."

"ஆம்புலன்ஸ் கூப்பிடுவோம்மா. எவ்ளோ நேரம் ஆயிடப்போவுது. கார்ல மால இருக்கு."

"என்ன சொன்னீங்க?"

"மாலைங்கம்மா. வெளிய எடுத்தா வாடிப்போயிடும். அவர் வர்ற நேரம்."

சொன்ன பிறகு அவர் காதிலேயே அது விழுந்திருக்க வேண்டும். பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். ஆனால் காரில் இருந்த டிரைவரைக் கூப்பிடவில்லை.

"காலையில இருந்து ரோஜாப்பூ ஏசியில உக்காந்திருக்கு," என்றாள் விஜயா. அவள் குரல் உயரவில்லை. "வண்டி இழுத்தவன் தண்ணி கேட்டு நின்னான். பூ வாடும்னு தெரிஞ்ச உங்களுக்கு மனுசன் வாடுவான்னு தெரியலியா? இதுல தருமம் வேற."

சந்தானம்தான் நடந்தான். இத்தனை நேரம் தரையைப் பார்த்து நின்றவன் காரின் பின்கதவைத் திறந்தான். மாலைகளை இரண்டு கையாலும் வாரியெடுத்து வந்து அந்தச் சோபாவில் போட்டான். பூங்கொத்தையும் கொண்டுவந்து சாய்த்து வைத்தான். டிரைவர் முதலாளியின் முகத்தைப் பார்க்கவே இல்லை. முன் இருக்கையை இன்னும் முன்னுக்குத் தள்ளிவிட்டு, மொக்லேஸின் கால்களைப் பிடிக்க வந்தான்.

கார் கிளம்பும்போது விஜயா கண்ணாடி வழியாகக் கத்தினாள். "ரிப்பன அவுத்து எல்லாருக்கும் குடுங்க. கேக்கறவனுக்கெல்லாம் குடுங்க."

சந்தானம் தலையாட்டினான்.

அரசு ஆஸ்பத்திரி வராந்தாவில் கூட்டம் வழிந்தது. எல்லாமே வெயில் கேஸ்தான் என்றாள் அங்கிருந்த நர்ஸ். ரிக்‌ஷாக்காரன், கொத்து வேலை செய்கிறவள், டிராபிக் போலீஸ்காரன் ஒருவன். கார் வைத்திருக்கிற ஆள் ஒருவர்கூட அந்த வரிசையில் இல்லை. மொக்லேஸைத் தரையில் விரித்த பாயில் கிடத்தி சலைன் ஏற்றினார்கள். ஈரத்துணியால் துடைத்தபடி விஜயா பக்கத்தில் உட்கார்ந்தாள். வெகுநேரம் கழித்து அவன் கண் அவள் முகத்தில் வந்து நின்றது.

"பௌதி, வண்டி?"

"இருக்கு. என் வீட்டுக்காரர் பாத்துக்கிடுதாரு," என்று தன் உடைந்த வங்காளத்தில் சொன்னாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான். இந்த முறை தூக்கம்.

போன் அடித்தது. ஜம்புநாதன்.

"என்னம்மா, எப்படி இருக்கான்?"

"பொழச்சுக்கிட்டான்."

"அப்பாடா. நல்லதாப் போச்சு. அவர் வந்துட்டுப் போயிட்டாரும்மா. ஒரே அசிங்கமாப் போச்சு. பந்தல் அலங்கோலமாக் கெடக்கு, அண்டாவச் சுத்தி ஒரே கூட்டம், பஸ் கண்டக்டர்லேர்ந்து எல்லாரும் குடிச்சிட்டிருக்காங்க. பாக்கி இருந்த ஒரு அண்டாவுல ரிப்பனாவது வெட்டுவோம்னு பாத்தா கத்திரிக்கோலக் காணோம். நீங்க எடுத்துட்டுப் போயிட்டீங்களா?"

விஜயா இடுப்பைத் தொட்டுப் பார்த்தாள். கொசுவத்தில் சொருகியது அப்படியே இருந்தது.

"இருக்கு சார்."

"சரி விடுங்க. இன்னொண்ணு. அந்த சோபா வாடகைக்கு எடுத்தது. சாயந்தரத்துக்குள்ள ஹால்ல திருப்பிக் குடுக்கணும். அவன் எத்தன மணிக்கு வருவான்?"

விஜயா பாயில் கிடப்பவனைப் பார்த்தாள். சட்டையில் வியர்வை காய்ந்து வெள்ளைக் கோடுகளாக நின்றது. உப்பளத்துச் சட்டைகளில் இருந்த அதே கோடு.

"மன்றத்துல நாப்பது பேரு மெம்பர்னு போர்டு வச்சிருக்கீங்கல்ல," என்றாள். "நாலு பேரு வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டுத் தூக்குங்க. முப்பத்தாறு டிகிரிதான சார். உங்களுக்கு அது ஒண்ணும் பண்ணாது."

போனை அணைத்துவிட்டு, துணியை நனைத்து, மறுபடி அவன் கழுத்தைத் துடைக்கத் தொடங்கினாள்.