பன்றித்தொடைகள் குடியிருந்த அறை

போன ஜனவரியில், ஊரே வீட்டுக்கு விருந்துக்கு வரும் குலப்புனிதர் யோவானின் திருநாள் சமயத்தில், வெலிசாவின் மானம் கப்பலேறியது. ஸ்டட்கார்ட்டிலிருந்து வந்த மகன் ஓக்னெனும் அவனுடைய ஜெர்மன்காரி மனைவி உல்ரிகேயும் மேல்மாடி அறையில் ஒரே ஒரு ராத்திரி படுத்தார்கள். விடிந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு டவுன் ஹோட்டலுக்குப் போய்விட்டார்கள். "ரூம் ரொம்பக் குளிருதுப்பா" என்றான் மகன். இவ்வளவு பெரிய வீட்டைக் கட்டிய மனிதரின் ஒரே பிள்ளை, திருநாளும் அதுவுமாக ஹோட்டலில் படுத்திருந்தான். ஊர் அதை ஒரு வருஷமாக வாயில் போட்டு மென்றது.

இந்த வருஷம் பிள்ளை தன் கூரைக்குக் கீழேதான் தூங்க வேண்டும். வெலிசாவுக்கு வேறு நினைப்பே இல்லை.

அந்த அறை சாய்வுக் கூரைக்கு அடியில், ஓக்னெனின் கல்யாணத்தை மனதில் வைத்துக் கட்டியது. அவன் ஜெர்மனிக்குப் போய்ச் சேர்ந்தான். எங்கள் மலைப்பக்கம் குளிரும் காற்றும் உள்ள அறையைச் சும்மா போட்டுவைக்க யாருக்கும் மனசு வராது. வெலிசாவ் உத்திரத்தில் கொக்கி அடித்து, புகைபோட்ட பன்றித்தொடைகளை வரிசையாகத் தொங்கவிட்டார். ஓட்டு இடுக்கில் புகுந்த காற்று அவற்றை அருமையாக உலர்த்தியது. பேர்தான் மகன் அறை, குடியிருந்தது பன்றி.

இலையுதிர் காலத்தில், குளிர் புகாமல் கூரைக்கடியில் அடைக்கும் கண்ணாடிப் பஞ்சு சுருள் சுருளாக வந்து இறங்கியது. பக்கத்து வீட்டு விடோயே ஒத்தாசைக்கு வந்தார். ஒத்தாசை என்றால், ப்ளம் சாராயத்தோடு நாற்காலியில் உட்கார்ந்து யோசனை சொல்வது.

"ஏப்பா வெலிசாவ், ஓட்டுக்கும் பஞ்சுக்கும் நடுவுல கொஞ்சம் இடம் விடு. காத்து ஓடணும். இல்லேன்னா பஞ்சு நனைஞ்சு ஊறிப்போயிடும்."

"காத்தா? எங்கப்பாவக் கொன்னதே காத்துதான்யா!"

அவருடைய அப்பா எண்பத்தெட்டு வயதில் ப்ளம் மரத்திலிருந்து விழுந்து செத்தவர். ஆனால் முந்தின நாள் திறந்த ஜன்னலுக்கும் திறந்த கதவுக்கும் நடுவே உட்கார்ந்து சூப் குடித்தார் என்பதை ஊரில் ஒருவரும் மறக்கவில்லை. எங்கள் ஊரில் எல்லாச் சாவுக்கும் காரணம் அந்த ஊடுகாற்றுதான். டாக்டர் வேறு ஏதாவது சொன்னால் பாவம், படித்தவர் என்று விட்டுவிடுவோம்.

இரண்டாவது கிளாஸுக்குப் பிறகு வெலிசாவ் இறங்கிவந்தார். ஓட்டுக்கடியில் இரண்டு விரல் இடம் விட்டார். அப்புறம் சட்டங்களுக்கு நடுவே பஞ்சை அடைத்து, மேலே பிளாஸ்டிக் விரித்து, பலகை அறைந்தார். கழுத்திலும் கையிலும் பஞ்சு ஏறி ஒரு வாரம் சொறிந்துகொண்டு திரிந்தார். கடைசியில் கணப்பை மூட்டிப் பார்த்தால், ஜனவரிக் குளிரிலும் சட்டையைக் கழற்றிவிட்டு உட்காரலாம் போல இருந்தது.

மனைவி ஸ்தமெங்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். "எல்லாம் சரிதான்யா மனுஷா. இந்தத் தொடையெல்லாம் எங்க தொங்கும்? கொட்டகையில விட்டா பூனை தின்னும். இந்தச் சூட்டுல விட்டா புழு தின்னும்."

வெலிசாவ் கழுத்தைச் சொறிந்துகொண்டார். "நம்ம ரூம்ல" என்றார்.

"காத்து வேணுமே அதுக்கு?"

"ரெண்டு ஜன்னலையும் திறந்து வச்சுக்கலாம்."

அறுபத்தாறு வருஷமாக ஊடுகாற்றைப் பேயைப்போல விரட்டிய மனிதர், பிள்ளைக்காக அதை அழைத்துவந்து பக்கத்தில் படுக்கவைத்துக்கொண்டார். காதை மூடிய ஆட்டுத்தோல் தொப்பி, கழுத்தில் மப்ளர், தலைக்கு மேல் தொடைகள். ஸ்தமெங்கா தலையணையை எடுத்துக்கொண்டு சமையலறைக் கணப்போரம் போய்விட்டாள். "நீயும் உன் பன்னியும் குடும்பம் நடத்துங்க" என்றாள்.

திருநாளுக்கு முந்தின நாள் மகனும் மருமகளும் வந்தார்கள், மேலே போய்ப் படுத்தார்கள். காலையில் வெலிசாவ் தும்மிக்கொண்டே சமையலறையில் காத்திருந்தார். மாடிப்படியில் பெட்டி இறங்கும் சத்தம் வருகிறதா என்று காது முழுக்க அங்கேதான் இருந்தது. உல்ரிகே வெறுங்கையோடு சிரித்துக்கொண்டே வந்தாள்.

"அப்பா, நல்ல தூக்கம்! தொடை இல்ல. ரொம்ப நல்லது."

"தொடைக்கும் தூக்கத்துக்கும் என்னம்மா?"

ஓக்னென் காபிக் கோப்பைக்குள் பார்த்தான். "அது வந்துப்பா... போன வருஷம் அவ தலைக்கு நேரா ஒண்ணு தொங்கிச்சு. ராத்திரி கணப்புச் சூட்டுல நெத்தியில கொழுப்பு சொட்டிச்சு. அலறிட்டா."

"அப்ப குளிருன்னு சொன்னே?"

"உங்க தொடையக் குறை சொன்னா தாங்குவீங்களாப்பா?"

வெலிசாவ் இன்னொரு தும்மல் போட்டார். பெற்ற பிள்ளை தன்னை நன்றாகத்தான் தெரிந்துவைத்திருக்கிறான்.

"குளிர் எங்களுக்குப் புடிக்கும்" என்றாள் உல்ரிகே. "ராத்திரி ரொம்ப சூடு. ஜன்னல் திறந்துட்டோம்."

ஸ்தமெங்கா தலைத்துணியின் முனையால் வாயைப் பொத்திக்கொண்டு சாமான் அறைக்குள் ஓடினாள். உள்ளேயிருந்து அவள் சிரிப்பது நன்றாகக் கேட்டது.

வெலிசாவ் எழுந்து முற்றத்துக்குப் போனார். அண்ணாந்து பார்த்தார். இத்தனை பஞ்சும் பலகையும் சொறியும் சேர்ந்து காப்பாற்றிய சூடெல்லாம் மேல்மாடி ஜன்னல் வழியே மலைக்குப் போய்க்கொண்டிருந்தது. திரைச்சீலை வெளியே பறந்தது. வயிற்றெரிச்சலாகத்தான் இருந்தது.

முதல் விருந்தாளியாக விடோயே கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். பார்த்ததும் பதறிப்போனார்.

"ஏப்பா! மேல ஜன்னல் திறந்து கிடக்கு! இந்தக் குளிர்ல! ஓடு, போய்ச் சாத்து!"

வெலிசாவின் கால் பழக்கத்தில் ஓரடி எடுத்து வைத்தது. பிறகு நின்றது. போன வருஷம் இதே நாளில் அந்த ஜன்னல் சாத்தியே கிடந்ததும், வந்தவர்களெல்லாம் அதைப் பார்த்துவிட்டுப் பார்க்காதமாதிரி உள்ளே வந்ததும் ஞாபகம் வந்தது. தும்மினார், மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"சாத்த வேணாம்" என்றார். "இன்னும் நல்லாத் திறந்தே கிடக்கட்டும். ஊரெல்லாம் வருதில்ல? எம்பிள்ள மேல தூங்கி எந்திரிச்சிருக்கான்னு தெரியட்டும்."