ஊக்கு குத்திய ஸ்கர்ட்

எங்கள் வீட்டு முன்னறைதான் அம்மாவின் தையல் கடை. யாராவது ஒருத்தர் கைகளைத் தூக்கிக்கொண்டு நடுவில் நிற்பார். அவரைச் சுற்றிக்கொண்டுதான் நாங்கள் வீட்டுக்குள் போக வேண்டும். அம்மா டேப்பும் கையுமாக எல்லோரிடமும் ஒரே வார்த்தையைச் சொல்வாள்: "மூச்சை விடுங்க." யாரும் விடுவதில்லை. டேப் இடுப்பைத் தொட்டதும் பெரிய மனுஷிகள்கூட வயிற்றை எக்கிக்கொள்வார்கள். "இப்ப எக்கினா, போட்டுக்கிட்டு உட்காரும்போது நீங்கதான் திண்டாடணும். விடுங்க," என்று அம்மா மறுபடியும் சொல்வாள்.

அவள் பெண்ணான எனக்கு எதையும் துணியை வைத்துத்தான் தெரியும். மற்ற வீடுகளில் பிள்ளைகள் வளர்ந்தால் சுவரில் கோடு போடுவார்களாம். எங்கள் வீட்டில் "சட்டைக் கை ஏறிடுச்சு, வளர்ந்துட்டே" என்பதோடு சரி. மனிதர்கள் பொய் சொல்லலாம், துணி சொல்லாது என்று நம்பித்தான் பதினைந்து வயதுவரை வந்திருந்தேன். அப்படிப்பட்டவள் தன் ஸ்கர்ட்டைச் சந்தேகப்படுவாளா, நீங்களே சொல்லுங்கள்.

எல்லாவற்றையும் ஆரம்பித்து வைத்தது நாளைக்கே அக்கா. துணியைக் கொடுத்த கையோடு "நாளைக்கே வேணும்" என்பதால் அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் அது. ஒருநாள் பள்ளிவிட்டு வந்து அவளைச் சுற்றிக்கொண்டு உள்ளே போகும்போது, என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பொண்ணு நல்லா பூசினாப்ல ஆயிட்டா இல்ல?" என்றாள். வாயில் குண்டூசியைக் கடித்திருந்த அம்மா, ஊசி விழாமல் சிரித்தாள்.

அது பாராட்டா, குத்தலா? அன்று முழுக்க யோசித்தும் பிடிபடவில்லை. முகம் மலர்ந்துதான் சொன்னாள். ஆனால் அடுத்த நிமிஷமே தன் இடுப்பைத் தட்டிக் காட்டி, "எனக்கு இந்தச் சதை தெரியாம தைச்சுக் குடுங்க டெய்லரம்மா," என்றாள். அம்மாவும், "அதெல்லாம் மறைச்சுடலாம், கவலைய விடுங்க," என்றாள். பூசினாற்போல இருப்பது நல்லதென்றால் அதை ஏன் மறைக்க வேண்டும்? மறைக்க வேண்டிய விஷயமென்றால் என்னைப் பார்த்து ஏன் சிரிக்க வேண்டும்? இதற்கு நடுவில் அப்பா வேறு. நான் பிறந்ததிலிருந்து அவர் என்னைக் கூப்பிடுவதே "பூசணி" என்றுதான். அன்று மாலை செருப்பைக் கழற்றிக்கொண்டே "பூசணி, கொஞ்சம் தண்ணி கொண்டா" என்றார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. நான் அசையவில்லை. அவர் பாவம், எனக்குக் கேட்கவில்லை என்று நினைத்து இன்னும் சத்தமாகக் கூப்பிட்டார்.

சாப்பாட்டைக் குறைத்தேன். எப்படியென்று சொல்லப் போவதில்லை. அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. வயிறு சரியில்லை, தோழி வீட்டில் சாப்பிட்டேன், அப்புறம் சாப்பிடுகிறேன் என்று வாய் தானாகச் சொல்லக் கற்றுக்கொண்டது. நான் எனக்கு வைத்துக்கொண்ட பரீட்சை ஒன்றே ஒன்றுதான். துவைத்து இஸ்திரி போட்டு வந்த பள்ளி ஸ்கர்ட்டை மாட்டி, இடுப்புப் பட்டிக்குள் விரலை நுழைத்துப் பார்ப்பேன். விரல் தாராளமாகப் போனால் பாஸ்.

ஒரு தடவைகூட நான் பாஸாகவில்லை. வாரக் கடைசியில் கொஞ்சம் தளர்ந்த மாதிரி இருக்கும், மனசு துள்ளும். துவைத்து வந்ததும் பழையபடி கச்சிதமாகப் பிடித்துக்கொள்ளும். துணி சுருங்குகிறதோ என்றுகூடப் பார்த்தேன். சுருங்கினால் நீளமும் ஏறியிருக்க வேண்டும். அது அப்படியே முழங்காலுக்குக் கீழேதான் இருந்தது.

மருந்துக்கடை வாசலில் இருந்த எடை மிஷின் என் எடை குறைந்துவிட்டது என்றது. காசு போட்டவர்களைச் சந்தோஷப்படுத்துவதுதானே அதன் பிழைப்பு என்று நான் அதை நம்பவில்லை. வகுப்பில் பக்கத்தில் உட்காருகிறவள், "என்னடி, கன்னமெல்லாம் ஒட்டிப் போச்சு?" என்றாள். எனக்குத் தலை சுற்றியது. கன்னம் போகிறது, கை போகிறது, இடுப்பு மட்டும் அடம்பிடித்து உட்கார்ந்திருக்கிறதா? என் உடம்புக்கு என்மேல் அப்படி என்ன கோபம்? மாடிப்படி ஏறினால் கண் இருட்டியது. வெயிலில் நின்றாலும் கை சில்லிட்டது. சீப்பில் முடி கொத்தாக வந்தது. இத்தனையும் ஒரு பக்கம் சொல்ல, ஸ்கர்ட் ஒன்று மட்டும் எதிர்ப்பக்கம் சொன்னது. நான் ஸ்கர்ட்டை நம்பி, இன்னும் குறைத்தேன்.

அந்தச் சமயத்தில் அம்மா துணிக்கடைக்காரரோடு போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். "என்னங்க துணி குடுக்குறீங்க? ஒவ்வொரு தோய்ப்புக்கும் இழுத்துக்கிட்டு தொளதொளன்னு ஆவுது!" அவர் அந்தப் பக்கம் என்ன சொன்னாரோ, "எனக்கா அளவு தெரியாது?" என்று கத்திவிட்டுப் போனை வைத்தாள். உள்ளறையில் இருந்த எனக்குப் பொறாமையாக இருந்தது. ஊரார் துணியெல்லாம் தளர்கிறது, என்னுடையது மட்டும் தளரவில்லையே என்று.

ஒருநாள் காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது ஸ்கர்ட் கொக்கி பிய்ந்து கையோடு வந்தது. முன்னறையில் அம்மா நாளைக்கே அக்காவின் ரவிக்கைக் கைக்குக் குண்டூசி குத்தி அளவு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, கொக்கி பிஞ்சிடுச்சு."

"கை வேலையா இருக்கேன். நீயே வெச்சுக்கோ. டெய்லர் பொண்ணுக்கு இதுகூடவா தெரியாது?"

ஸ்கர்ட்டை உள்பக்கம் திருப்பினேன். கொக்கியை மறந்துவிட்டேன். பக்கவாட்டில் ஒரு தையல் இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகத் தையல்கள், ஒன்றுக்குள் ஒன்றாக. அவற்றுக்கு வெளியே ஒரு கைப்பிடித் துணி மடிந்து கிடந்தது. அலமாரியைத் திறந்து மற்ற துணிகளையும் இழுத்துப் போட்டேன். எல்லாவற்றிலும் அதே கதை.

முதலில் எனக்கு எப்படித் தோன்றியது தெரியுமா? அம்மாவுக்கு நான் குண்டாகத் தெரிகிறேன். வாய்விட்டுச் சொல்ல மனசு வராமல், துணியைச் சின்னதாக்கிச் சின்னதாக்கிச் சொல்லிக் காட்டுகிறாள். முன்னறைக்குப் போய், ஸ்கர்ட்டை அவள் முன்னால் விரித்துப் பிடித்தேன்.

"இது என்னம்மா?"

"சைடு பிடிச்சுத் தைச்சிருக்கேன். அதுக்கென்ன இப்போ?"

"எதுக்குப் பிடிச்சே?"

"தொங்கிச்சு, பிடிச்சேன்."

"எத்தனை தடவை?"

"தொங்குனப்பல்லாம்தான். தோய்ச்ச துணி என் கைக்கு வராமலா இஸ்திரிக்குப் போகுது? தொளதொளன்னு போட்டுக்கிட்டுப் போனா டெய்லர் பொண்ணுன்னு யாருடி சொல்லுவா? எல்லாம் அந்தக் கடைக்காரர் துணி. இழுத்துக்கிட்டே போகுது, நானும் பிடிச்சுக்கிட்டே..."

பாதியில் நின்றாள். ஸ்கர்ட்டை என் கையிலிருந்து வாங்கி, இடுப்பிலிருந்து விளிம்புவரை சாண் போட்டுப் பார்த்தாள். "நீளம் இறங்கவேயில்லையே," என்றாள், தனக்குத்தானே. துணி இழுத்துக்கொண்டால் நீளமும்தான் இறங்க வேண்டும். நான் பார்த்த அதே இடத்தை அவளும் அப்போதுதான் பார்த்தாள். பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

"அட, இளைச்சிருக்காளா!" என்றாள் நாளைக்கே அக்கா, ஒரு கையைத் தூக்கியபடியே. "எப்படிம்மா? எனக்கும் அந்த ரகசியத்தைச் சொல்லேன்."

"நீங்க நாளைக்கு வாங்க," என்றாள் அம்மா.

"எனக்கு நாளைக்கே வேணுமே, டெய்லரம்மா!"

"அதான் நாளைக்கு வாங்கன்னு சொல்றேன்ல!"

அம்மா வாடிக்கையாளரிடம் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. ரவிக்கைக் கையில் குத்திய ஊசிகளோடேயே அந்த அக்கா படியிறங்கிப் போனாள்.

அம்மா கதவைச் சாத்திவிட்டு பிளேடை எடுத்தாள். ஒவ்வொரு தையலாகப் பிரித்தாள். நான் எதிரே நின்றுகொண்டிருந்தேன். கோபப்படுவதா, பயப்படுவதா, மன்னிப்புக் கேட்பதா என்று தெரியவில்லை. பிரித்து முடித்து, "போடு," என்று நீட்டினாள். போட்டேன். கையை விட்டதும் ஸ்கர்ட் வழுக்கிக் காலடியில் விழுந்தது.

எதிரே ஆளுயரக் கண்ணாடி. தினமும் அதன் முன்னால் நின்றிருக்கிறேன், என் இடுப்பை மட்டும் பார்த்துக்கொண்டு. அன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தேன். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நின்றது. இந்த நாளுக்காகத்தான் நான் காத்திருந்தேன். ஸ்கர்ட் தளர வேண்டும், அவ்வளவுதான் வேண்டியிருந்தது. தளர்ந்துவிட்டது. சந்தோஷம் வரும் என்று நின்றேன். வரவேயில்லை. பயம்தான் வந்தது. அது ஏனென்று இன்னும் எனக்கு முழுசாகப் புரியவில்லை.

அம்மா மிஷின் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். "இவ்வளவு துணியும் இந்தக் கையிலதான்டி வந்து நின்னிருக்கு. ஒவ்வொரு தடவையும் பிடிச்சேன். துணியத்தான் பார்த்தேன், உன்னைப் பார்க்கலையே," என்று சொல்லி அழுதாள். அவள் அழுததைப் பார்த்ததும் எனக்குக் கோபம்தான் முந்திக்கொண்டது.

"பூசினாப்லன்னா என்னம்மா அர்த்தம்?"

"நல்ல வார்த்தைடி அது. அதுக்கா சாப்பிடாம கிடந்தே?"

"நல்ல வார்த்தைன்னா, எல்லார்கிட்டயும் மறைச்சுத் தைக்கிறேன், தெரியாம தைக்கிறேன்னு ஏன் சொல்றே? தினம் என் காதுல விழறது இதுதானே?"

"அவங்க கேக்குறாங்க, நான் சொல்றேன். அது தொழில்."

"அப்போ நீ? உனக்கு மட்டும் ஏன் கோணி மாதிரி தைச்சுக்கறே?"

குனிந்து தன் கவுனைப் பார்த்தாள். ஊருக்கெல்லாம் அளவெடுக்கிறவள் தனக்கு அளவெடுத்ததே இல்லை. "என்னை யாரு பார்க்கப் போறா?" என்று ஒரே மாதிரி தொளதொள கவுன்களைத்தான் தைத்துப் போட்டுக்கொள்வாள். எனக்கு என்ன வேகம் வந்ததோ, அவள் கழுத்திலிருந்த டேப்பை இழுத்து எடுத்தேன்.

"எழுந்திரு. உனக்கு நான் எடுக்கறேன்."

"பைத்தியமாடி உனக்கு?" என்றாள். ஆனாலும் எழுந்தாள். இடுப்பைச் சுற்றி டேப்பைக் கொண்டுவந்து சேர்த்தேன். தொட்டதுதான் தாமதம், வயிற்றை எக்கிக்கொண்டாள்.

"மூச்சை விடும்மா."

"விட்டுட்டுதான் இருக்கேன்."

"விடலை."

"நீ சாப்பிட உட்காரு, விடறேன்."

இருவரும் ஒருவரை ஒருவர் முறைத்தபடி நின்றோம். முதலில் யாருக்குச் சிரிப்பு வந்தது என்று தெரியவில்லை. அவள் சிரித்ததில் மூச்சு வெளியே போக, டேப் என் விரல்களுக்கு நடுவே சரசரவென்று நழுவியது. அவள் வயிறு மெத்தென்று என் கைமேல் வந்து பட்டது. எண்ணைப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

தட்டு முன்னால் உட்கார்ந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். பாதிக்குமேல் இறங்கவில்லை. மறுநாள் அம்மா என்னை டாக்டரிடம் கூட்டிப் போனாள். டாக்டர் திட்டவில்லை, வாராவாரம் வரச் சொன்னார், மனசுவிட்டுப் பேச ஓர் ஆலோசகரையும் பார்க்கச் சொன்னார். சில நாள் நன்றாகச் சாப்பிடுவேன். சில நாள் தட்டைப் பார்த்தாலே பழைய கணக்கெல்லாம் மண்டைக்குள் ஓடும். அப்பா என்னை எப்படிக் கூப்பிடுவதென்று தெரியாமல் "ஏம்மா... இங்க பாரு..." என்று தடுமாறினார். அதைக் கேட்க பூசணியே பரவாயில்லை போலிருந்தது. சொல்லத்தான் வாய் வரவில்லை.

ஸ்கர்ட்டை மட்டும் அம்மா தைத்துத் தரவில்லை. எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தேன். "தைக்க மாட்டேன். ஊக்கு குத்திக்கிட்டுப் போ," என்றாள். டெய்லர் வீட்டுப் பெண் இடுப்பில் ஊக்கோடு பள்ளிக்குப் போனாள். நாளைக்கே அக்கா சும்மா இருப்பாளா? "என்ன டெய்லரம்மா, ஊருக்கெல்லாம் தைக்கிறீங்க, சொந்தப் பொண்ணு ஊக்கோட போகுது?" என்று கேட்டதை வாசலில் நின்று கேட்டேன்.

"அந்த அளவுக்கு இருந்த பொண்ணு திரும்பி வந்துக்கிட்டிருக்கா," என்றாள் அம்மா. "வரும்போது இடம் வேணும்ல?" சொல்லிவிட்டு அக்காவின் இடுப்பில் டேப்பைச் சுற்றினாள். அன்று அந்த அக்கா எதையும் மறைத்துத் தைக்கச் சொல்லவில்லை.

இன்று காலை ஸ்கர்ட்டை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றேன். வழக்கமாகக் குத்தும் இடத்தில் ஊக்கு குத்தப் போனேன், பட்டி இறுக்கியது. திக்கென்றது. உடனே வயிற்றை எக்கிக்கொண்டு அதே இடத்தில் குத்தப் பார்த்தேன். பின்னால் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா தலையைத் திருப்பவேயில்லை.

"மூச்சை விட்டுட்டுக் குத்துடி," என்றாள்.

கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். பிறகு விட்டேன். ஊக்கு, நேற்றைய ஓட்டையைத் தாண்டி வெளியே போய் நின்றது.