பன்னிரண்டு பச்சை மேயர்கள்

மேயர் லம்பெர்ட் பெஷ்ஷுக்கு முகம் பச்சை. நிஜத்தில் அல்ல, ஓவியர் தெக்லா வரைந்த படத்தில். காது ஆரஞ்சு. இடது கண் நெற்றிக்குக் குடிபோயிருந்தது. நகரசபை அதை மெச்சி, மண்டபப் படிக்கட்டுக்கு நேர்மேலே மாட்டிவிட்டது.

"உங்களுக்குள்ள இருக்கறத வரைஞ்சிருக்கேன்," என்றாள் தெக்லா.

"எத? ஈரலையா?"

புதன்கிழமை மாகாண ஆளுநர் வருகிறார். அந்தப் பச்சைக்கு அடியில் நின்றா வரவேற்புரை வாசிப்பது? அதற்குள் படத்தை இறக்கிவிட வேண்டும். திங்கட்கிழமை கார்னிவல், ஊரே வேஷம் கட்டிக் குடித்துக் கூத்தாடும் திருநாள்; ரைன் நதிக்கரையில் அன்றைக்கு நிதானத்தில் இருக்கிற சபை உறுப்பினர் எவரும் கிடையாது. இதுதான் சமயம் என்று கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார் பெஷ்.

மண்டப வாசலில் காவலாளி ஷுல்கென், கோமாளித் தொப்பியோடு ஈட்டியைக் குறுக்கே நீட்டினான்.

"வேஷம் போடாம உள்ள விடறதில்லீங்க."

"யோவ், நான் மேயர்யா."

"காலையிலேர்ந்து எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. ஆனா அவங்க மூஞ்சி பொருத்தமா இருந்துச்சு."

பெஷ் திரும்பித் தெருவைப் பார்த்தார். ரொட்டிக்கடைக்காரர் முகம் பச்சை. பாதிரியாரின் சமையல்காரி பச்சை. கடைகளில் சாயம் தீர்ந்துபோய், பிந்தி எழுந்தவர்கள் கீரையை அரைத்துப் பூசியிருந்தார்கள். பீர் வண்டிக் குதிரைக்குக்கூடக் காது ஆரஞ்சு.

தெருமுனையில் தூரிகையோடு நின்று முகங்களுக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தவள் தெக்லா. பெஷ் போய் அவள் முன் இருந்த பீப்பாய்மேல் உட்கார்ந்தார்.

"இடது கண்ண எங்க வைக்கட்டும்?"

"படத்துல எங்க இருக்கோ அங்கயே வச்சுத் தொலம்மா."

ஷுல்கென் ஈட்டியை விலக்கிக்கொண்டான். "வாங்க மேயர் ஐயா. ஏன் இவ்வளவு லேட்டு?"

படிக்கட்டில் ஏற்கெனவே பதினோரு மேயர்கள் பீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அந்தப் படத்த இறக்குங்க. மேயர் உத்தரவு," என்றார் பெஷ்.

"இருக்கட்டும்ங்கறது எங்க உத்தரவு," என்றார் ஒரு மேயர். குரல் கசாப்புக்கடை வில்ஃப்ரீடுடையது. "நாங்க பதினோரு பேரு. நீங்க ஒருத்தரு."

சக்கரவர்த்தி முடி துறந்து போனதிலிருந்து அந்த நாட்டில் எல்லாவற்றுக்கும் வாக்கெடுப்புதான். அது வேண்டுமென்று மேடை போட்டுப் பேசியவரே பெஷ். கை தூக்கினார், தோற்றார். மேயர்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள்.

"ஆளுநர் வந்து கேட்டா நான் என்னய்யா சொல்றது?"

"தெக்லாகிட்ட சொல்லி அவரையும் வரைய வச்சிடுவோம். நீலம் எடுப்பா இருக்கும்."

பெஷ் பீரை ஒரு வாய் குடித்து, ஆளுநரின் முகத்தை நினைத்துப் பார்த்தார்.

"நீலம் சரி," என்றார். "மூக்கு மட்டும் மஞ்சளா இருக்கட்டும்."