மூன்றாம் தாளில் ஒரு டிக்

அலுவலகத்தில் அக்காவுக்கு ‘ஸ்கேல்’ என்று பெயர், தங்கைக்கு ‘ரப்பர்’. இருவரும் பாலங்கள் வடிவமைக்கும் ஒரே பிரிவில் பொறியாளர்கள். அக்கா ஒரு கோடு போட்டால் போட்டதுதான். தங்கை எதையும் அழித்துவிட்டுச் சிரிப்பவள்.

புதிய ஆற்றுப் பாலத்துக்கு ஆளுக்கொரு திட்டம் கொடுத்திருந்தார்கள். அக்காவுடையதில் விளக்குக் கம்பத்தின் நிறம்வரை முடிவாகியிருந்தது. தங்கையுடையதில் இப்போதைக்கு இரண்டு வழிச் சாலை மட்டும். பின்னால் ரயிலா, இன்னும் சாலையா, அப்போது பார்க்கலாம். ‘பார்க்கலாம்’ என்று கேட்டாலே அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தலைமைப் பொறியாளர் அதைத்தான் பிடித்துக்கொண்டார். “ஊர் எந்தப் பக்கம் வளரும்னு நமக்கென்ன தெரியும்? சின்னவ சொல்றது சரி.”

அக்காவுக்கு வயிறு எரிந்தது. இவள் இராப்பகலாக உழைத்ததை, அவள் ஒரு ‘பார்க்கலாம்’ சொல்லித் தட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. இன்னொருவர் சரிபார்த்துச் சிவப்பு மையில் டிக் போடாமல் எந்த வரைபடமும் கூட்டத்துக்குப் போகாது. தங்கை தன் வரைபடக் கட்டை அக்காவின் மேசையிலேயே கொண்டுவந்து போட்டாள்.

“பாத்துக் குடுக்கா. திட்டறதா இருந்தா கூட்டம் முடிஞ்சப்புறம் திட்டு.”

மூன்றாம் தாளில் அக்காவின் பேனா நின்றது. ஆற்றுக்குள் இறங்கும் தூண்களின் அடித்தளமும் இரண்டு வழிச் சாலைக்கான அளவில்தான் இருந்தது. மேல்தளத்தை எப்போது வேண்டுமானாலும் அகலமாக்கலாம். ஓடும் தண்ணீருக்கு அடியில் இருப்பதை அகலமாக்குவது குதிரைக்கொம்பு. அதை இன்றே முடிவு செய்தால்தான் மற்றதைப் பிறகு பார்க்க முடியும்.

ஒரு வார்த்தை சொன்னால் போதும். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் தங்கை யாருடனோ சிரித்துக்கொண்டிருந்தாள். அக்கா டிக் போட்டாள்.

மறுநாள் கூட்டத்தில் தலைமைப் பொறியாளர் தங்கையிடம் கேட்டார். “ஏம்மா, பின்னால ரயில் வந்தா இந்த அடித்தளம் தாங்குமா?”

அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். இதோ தடுமாறப்போகிறாள்.

தங்கை தாளைப் புரட்டக்கூட இல்லை. “தாங்கும் சார். அக்கா டிக் போட்டிருக்காளே! அவ கண்ணுல மண்ணைத் தூவ முடியுமா?”

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா தங்கையைப் பார்த்தாள். பிறகு பார்க்கலாம் என்று அவள் துணிந்ததெல்லாம், பார்க்க அக்கா இருக்கிறாள் என்ற தைரியத்தில்தானா? அந்தத் துணிச்சலைப் பார்த்தா இத்தனை நாள் வெந்தாள்?

“தாங்காது சார்.” அக்கா எழுந்து நின்றிருந்தாள். “அடித்தளத்த மட்டும் ரயிலுக்கும் சேத்து இப்பவே போட்டுடணும். மேல உள்ளதெல்லாம் அவ சொல்ற மாதிரி அப்புறம் பாத்துக்கலாம். நான்... கவனிக்காம விட்டுட்டேன்.”

அந்தத் திருத்தத்தோடு தங்கையின் திட்டம் தேறியது.

வெளியே வராந்தாவில் தங்கை கேட்டாள். “நீயா கவனிக்காம விட்ட?”

அவள் சிரிக்கவில்லை. அக்கா பேனா மூடியைத் திருகிக்கொண்டே நின்றாள்.

அடுத்த வரைபடத்தையும் தங்கை அவளிடம்தான் கொடுத்தாள். டிக்கோடு அது திரும்பி வந்ததும், தன் மேசையில் உட்கார்ந்து கோடு கோடாகத் தானே மறுபடி சரிபார்க்கத் தொடங்கினாள். அக்கா தன் இடத்திலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.