முற்றத்தில் அடித்த வட்டம்

வாருங்கள். செருப்பைக் கழற்ற வேண்டாம்; வாசற்படியில் நின்றபடியே பாருங்கள். ஓர் அநீதிக்குச் சாட்சியாக உங்களை அழைக்கிறேன். இங்கே இரத்தம் சிந்தவில்லை, கதவு உடைபடவில்லை, யாரும் யார்மீதும் கை ஓங்கவில்லை. ஒரு மேசை. அதைச் சுற்றி மூன்று ஆண்கள். மேசைமேல் பழைய வண்டி விற்பவர் கொடுத்த விலைத்தாள்கள். வாங்கப் போகும் பணம் யாருடையதோ, ஓட்டப் போகும் கைகால் யாருடையவையோ, அவள் மட்டும் நாற்காலி இல்லாமல் கதவோரம் நிற்கிறாள். அதைத்தான் பார்க்கச் சொல்கிறேன்.

அவள் கால்நடை மருத்துவர். குறுக்கே கிடக்கும் கன்றைத் தோள்வரை கையை விட்டுத் திருப்பி, உயிரோடு வெளியே எடுக்கத் தெரிந்தவள். அந்தக் கைக்குத் துறை கொடுத்திருந்த வேலை, தடுப்பூசிக் கிடங்கில் குப்பிகளை அடுக்கிச் சீட்டில் முத்திரை குத்துவது. ஆறு ஆண்டுகள் குத்தினாள். இப்போது ஒரு வழி திறந்திருந்தது. மேல்சரிவில் பதினொரு பால்பண்ணைகள். அவற்றுக்கென்று ஒரு மருத்துவர் இல்லை. போகும் பாதை எட்டுக் கிலோமீட்டர். பாதி சேறு, பாதி உருட்டுக்கல், நடுவே கணுக்கால் ஆழத்தில் ஓர் ஓடை. அதில் ஏறக்கூடிய வாகனம் துறையிடம் கிடையாது. ஆகவே மேலதிகாரி எழுதிவிட்டார்: மாதக் கடைசி நாள் மாலை ஐந்து மணிக்குள் சொந்த வண்டியோடு உச்சிப் பண்ணையின் வாயிலில் வந்து நின்றால் பொறுப்பு அவளுக்கு. தவறினால் வேறொருவருக்கு. அவளுக்கு மறுபடியும் குப்பிகள், பணி ஓய்வு வரைக்கும்.

புது வண்டி அவளுக்கு எட்டாக்கனி. பழையதாக, சிக்கன விலையில், நான்கு சக்கரமும் இழுக்கும் ஒரு வண்டி போதும். அவள் பந்தயத்துக்குப் போகவில்லை, பசுமாட்டுக்குப் போகிறாள்.

இனி அந்த மூவரைப் பாருங்கள். நடுநாயகமாக மாமனார். நாற்பது ஆண்டு பேருந்து நடத்துநர். தம் வாழ்நாளில் விசிலால் அன்றி வேறு எதனாலும் வண்டியை நகர்த்தியதில்லை. அவருக்கு வலப்பக்கம் அவளுடைய அண்ணன். குளியலறை ஓடு விற்பவர். உறவுக்குள் 'எஞ்சின்' என்று பெயர். எங்கே எந்த வண்டி நின்றாலும் முதல் ஆளாகப் போய் முன்மூடியைத் திறப்பார். திறந்ததைத் தவிர வேறெதையும் அவர் செய்து யாரும் பார்த்ததில்லை. இடப்பக்கம் கணவர். பள்ளிக்கூட எழுத்தர், நல்லவர். அநியாயம் நடக்கிற நேரம் பார்த்துத் தம் கால் கட்டைவிரலை ஆராய்ந்துகொண்டிருக்கும் நல்லவர்.

அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. வண்டி யாருக்கு வாங்கினாலும் ஆண்கள் போவார்கள். விற்பவரின் முற்றத்தில் ஒரு வட்டம் அடிப்பார்கள். இறங்கி, டயரைக் காலால் ஓர் உதை உதைத்து, தலையாட்டுவார்கள். அதோடு பரீட்சை முடிந்தது. வட்டத்தில் தேறிய வண்டி வாழ்க்கையில் தேறும் என்பது அவர்கள் வேதம்.

அவள் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தாள். வண்டியின் வயிற்றுக்கும் தரைக்கும் இடையே ஒரு சாணாவது இடைவெளி வேண்டும். சேற்றைக் கவ்வும் டயர் வேண்டும். கியர்க் கம்பிக்குப் பக்கத்தில், முன்சக்கரங்களையும் இழுவையில் பூட்டுகிற குட்டைக் கம்பி வேண்டும். அது பெயருக்கு இல்லாமல் வேலை செய்ய வேண்டும். அடிச்சட்டத்தில் துரு இருக்கிறதா என்று படுத்துப் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஈர மண்ணில் ஓட்டிப் பார்க்க வேண்டும். தாள் மேசையைச் சுற்றி வந்தது. மாமனார் கண்ணாடி எடுத்து வரவில்லை என்றார். எஞ்சின் அதன் பின்பக்கத்தில் திருப்பி விற்றால் என்ன வரும் என்று கணக்குப் போட்டார். பிறகு ஒருமணி நேரம் பேசினார்கள்: வெள்ளை நிறம் வெயிலுக்கு நல்லதா, இருக்கை உறை தோலா துணியா, பாட்டுப்பெட்டி எத்தனை வாய் உள்ளது என்று. ஏறப்போவது சேற்றில், பேச்சோ ஊர்வலத்தில்.

சனிக்கிழமை விற்பனை முற்றத்துக்குப் போனார்கள். அவளும் விடாமல் போனாள். பின்னிருக்கையில் மாமனாருக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. தார் போட்ட முற்றம். பளிங்கு மாதிரி கழுவி வைத்திருந்தார் தரகர். அவள் பணத்துக்கு அடங்கியவை இரண்டே வண்டிகள். ஒன்று சாம்பல் நிறம், பெட்டி போன்ற உடம்பு, கதவில் கீறல். மற்றொன்று வெள்ளை; முகம் பார்க்கலாம்.

முதலில் சாம்பல். எஞ்சின் ஏறி அமர்ந்து, குட்டைக் கம்பியை இழுத்து நான்கு சக்கரத்தையும் பூட்டி, ஸ்டியரிங்கை ஒடித்து வட்டம் அடித்தார். வண்டி உதறியது. டயர் கிறீச்சிட்டது. யாரோ கீழிருந்து பிடித்து நிறுத்துவது போலத் திணறித் திணறித் துள்ளியது. எஞ்சின் இறங்கி, முன்சக்கரத்தில் நோய் இருக்கிறது என்று தீர்ப்பு எழுதினார்.

அவள் சொன்னாள்: "காஞ்ச தார்ல நாலு சக்கரத்தையும் பூட்டித் திருப்பினா உதறத்தான் செய்யும் அண்ணே. முன்னாடியும் பின்னாடியும் ஒண்ணுக்கொண்ணு இழுத்துக்கும். சேத்துல அந்த உதறல் வராது. உதறுனாத்தான் முன்சக்கரம் வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

"பாப்பா, நீ ஊசி போடு. வண்டிய நாங்க பாத்துக்கிறோம்."

முப்பத்தைந்து வயது மருத்துவருக்கு அந்த வீட்டில் பெயர் பாப்பா. மாமனார் ஒத்து ஊதினார்: "நாப்பது வருசம் பஸ்ஸுல நின்னிருக்கேன்மா. நோவுள்ள வண்டி எதுன்னு என் காலே சொல்லும்."

அடுத்தது வெள்ளை. அதே கம்பி, அதே ஒடிப்பு, அதே வட்டம். ஓர் உதறல் இல்லை, ஒரு முனகல் இல்லை. வெண்ணெயில் கத்தி போலத் திரும்பியது. மூன்று முகங்களும் மலர்ந்தன. அவள் முகம் சுருங்கியது. நோய் கண்டறிவது அவள் தொழில்; அடித்தாலும் கத்தாத மாட்டைப் பார்த்து நல்ல மாடு என்று அவள் சொல்ல மாட்டாள். அடியில் படுத்துப் பார்க்கிறேன் என்றாள். உடுப்பு பாழாகும் என்றார்கள். பின்புறத்து ஈர மண்ணில் ஒருமுறை ஓட்டித் தாருங்கள் என்றாள். தரகர் அங்கே பள்ளம் என்றார். அவள் வாதாடிக்கொண்டிருக்கும்போதே, அவள் சேமிப்பிலிருந்து எடுத்து வந்த உறையைக் கணவர் தரகர் கையில் கொடுத்துவிட்டார். ஏன் கொடுத்தீர்கள் என்று கேட்டதற்கு, உன் அண்ணன் கொடுக்கச் சொன்னார் என்றார். யாருடைய பணம் என்று அவள் கேட்கவில்லை.

காகிதங்கள் முடிந்து வண்டி கைக்கு வந்தது மாதக் கடைசி நாள் காலையில். அன்றே ஏற வேண்டும். அப்போதாவது ஸ்டியரிங் அவளிடம் வந்ததா? ஏற்றம் அவளுக்குப் பழக்கமில்லையாம். எஞ்சினுக்கு எங்கே பழகியது என்று கேளுங்கள். கடை மாடிக்கு ஓடு ஏற்றியபோது பழகியிருக்கலாம். அவர் ஓட்ட, மற்ற மூவரும் ஏற, குடும்பமே சரிவின் அடிவாரத்துக்குப் போயிற்று.

முதல் கல்மேடு தாண்டியது. இரண்டாவது திருப்பத்தில் சேறு. எஞ்சின் குட்டைக் கம்பியை இழுத்தார், மிதித்தார். பின்சக்கரங்கள் இரண்டும் சுழன்று குழி பறித்தன. முன்சக்கரங்கள் இரண்டும் சம்பந்தமே இல்லாத விருந்தாளிகளைப் போலச் சும்மா நின்றன. இன்னும் மிதித்தார், வண்டி அச்சுவரை இறங்கியது. பின்னால் தள்ளப்போன மாமனார்மீது தலையிலிருந்து கால்வரை சேறு அடித்தது. கிளட்சில் கோளாறு என்றார் எஞ்சின். டீசலில் தண்ணீர் என்றார் மாமனார், வாயிலிருந்து மண்ணைத் துப்பிக்கொண்டே. கணவர் இரண்டுக்கும் தலையாட்டினார். எஞ்சின் இறங்கி, என்ன செய்தார் என்கிறீர்கள்? முன்மூடியைத் திறந்தார்.

அவள் யாரிடமும் கேட்கவில்லை. சேற்றில் மல்லாந்து படுத்து, வண்டிக்கு அடியில் நகர்ந்து போனாள். தொழுவத்தில் எத்தனையோ முறை அப்படிப் படுத்தவள்தான். கையால் தடவிப் பார்த்தாள். கியரின் நடுப்பெட்டியிலிருந்து பின் அச்சுக்கு, அதைச் சுழற்றும் இரும்புத் தண்டாக ஒரு ஷாஃப்ட் போயிற்று. முன் அச்சுக்குப் போக வேண்டிய ஷாஃப்ட் அங்கே இல்லை. போல்ட் துளைகள் நான்கும் வாயைப் பிளந்துகொண்டிருந்தன. துளைக்குமேல் புதிதாகக் கறுப்புச் சாயம்.

வெளியே வந்து ஒரே வாக்கியம் சொன்னாள். முன்சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்டே இந்த வண்டியில் கிடையாது என்று. எஞ்சின், அது சனிக்கிழமை இருந்தது என்றார்.

பால் ஏற்றி வந்த டிராக்டர் கட்டி இழுத்து அடிவாரத்தில் விட்டது. பன்னிரண்டரை மணிக்குத் தரகரின் முற்றத்தில் நின்றாள், சேறு காய்ந்த உடுப்போடு. தரகரிடம் எஞ்சின் சண்டைக்குப் பாய்ந்தார். தரகர் அவரைப் பார்க்கவே இல்லை. அவளைப் பார்த்து, களைத்த குரலில் உண்மையைச் சொன்னார்.

"டாக்டரம்மா, இந்த முத்தத்துக்கு வர்ற வீட்டு ஆம்பளைங்க எல்லாரும் இதே வட்டந்தான் அடிப்பாங்க. வண்டி உதறுச்சுன்னா வேணாம்பாங்க. எத்தன நல்ல வண்டி வருசக்கணக்கா நின்னு போச்சு தெரியுமா? ஷாஃப்ட்ட கழட்டி வெச்சேன், மறுவாரமே வித்துப்போச்சு. அவங்க கேட்டது உதறாத வண்டி. அதத்தான் குடுத்தேன்."

அந்தச் சாம்பல் வண்டி எங்கே என்று கேட்டாள். பக்கத்தில்தான் நின்றது. அண்ணன் வேண்டாம் என்று சொல்லிப் போன அன்று மாலையே அதன் ஷாஃப்டையும் கழற்றிவிட்டாராம்.

"மாட்டுக்கு நாங்க காயடிப்போம். நீங்க வண்டிக்கே அடிக்கிறீங்க," என்றாள் அவள். தரகர் சிரிக்கவில்லை, வெட்கப்பட்டார். அவர் செய்தது மோசடி. அதில் ஐயமில்லை, அதற்குரிய புகாரை அவள் மறுநாளே எழுதினாள். ஆனால் தோழர்களே, அந்த மோசடிக்கு விதை போட்டது யார்? கண்டதே காட்சி என்று முற்றத்தில் வட்டமடித்த மேதைகள் அல்லவா?

கொட்டகையின் மேல்தட்டில் சாக்குச் சுற்றிக் கிடந்தது வெள்ளை வண்டியின் ஷாஃப்ட். மெக்கானிக் இறக்கினார். அவள் பக்கத்திலேயே படுத்து, எட்டுப் போல்ட்டும் இறுகும்வரை விளக்குப் பிடித்தாள். முடிந்ததும் அதே முற்றத்தில் தானே ஏறி, பூட்டி, ஒடித்துத் திருப்பினாள். வண்டி உதறியது, துள்ளியது, கிறீச்சிட்டது. மாமனார் காதைப் பொத்திக்கொண்டார். ஆறு ஆண்டுகளில் அவள் கேட்ட நல்ல சத்தம் அதுதான்.

மூன்றரை மணி. அடிவாரத்தில் குளிர்ந்த நீர் குடிக்க இறங்கியவள் திரும்பி வந்தபோது ஸ்டியரிங்குக்குப் பின்னால் எஞ்சின் அமர்ந்திருந்தார். காலையில் வழி பார்த்துவிட்டேன், இப்போது நான் பறந்து காட்டுகிறேன் என்றார்.

"எறங்குங்கண்ணே."

"பாப்பா, ஏத்தம் பாப்பா, வெளையாட்டு இல்ல."

"நான் பாப்பா இல்ல. எறங்குங்க. எறங்குனப்புறம் மறுபடி ஏறவேணாம், மூணு பேரும் இங்கயே நில்லுங்க. பாரம் கொறையும்."

எஞ்சின் அவள் கணவரைப் பார்த்தார். கணவர் கட்டைவிரலைப் பார்த்தார். அவள் கதவைத் திறந்துபிடித்தபடி நின்றாள்; எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்பாள் என்பது அவள் நின்ற விதத்திலேயே தெரிந்தது. எஞ்சின் இறங்கினார்.

குட்டைக் கம்பியை மெதுவேகக் கியரில் போட்டு, மிதிக்காமல், துள்ளாமல், மாட்டைச் சரிவில் நடத்துவதுபோல் நடத்தினாள். சேற்றில் முன்சக்கரங்கள் கவ்வின. கல்லில் ஏறின. ஓடையில் தண்ணீர் பிளந்து வழிவிட்டது. உச்சிப் பண்ணையின் வாயிலில் மேலதிகாரி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஐந்துக்குப் பன்னிரண்டு நிமிடம் இருந்தது. யார் ஓட்டி வந்தது என்று கேட்டு, எட்டிப் பார்த்து, வேறு ஆள் இல்லாததால் கையெழுத்திட்டார். உத்தரவை மடித்து வைப்பதற்குள் பண்ணைக்காரி வந்து, தீவனம் எடுக்காத ஒரு பசுவைக் காட்டினாள்.

நல்ல முடிவு என்று கைதட்டப் போகிறீர்களா? பொறுங்கள். அநீதி இனிமேல்தான்.

அவள் இறங்கி வருவதற்குள் எஞ்சின் உறவுக்கெல்லாம் தொலைபேசியில் சொல்லி முடித்திருந்தார்: தேடித் தேடி நாங்கள் எடுத்துக் கொடுத்த வண்டி, சும்மாவா, ஒரே மூச்சில் ஏறிவிட்டது என்று. மாமனார் சேற்றைக் கழுவிக்கொண்டே, தம் கால் பொய் சொல்லாது என்றார். அடுத்த தெருவில் செடி நாற்று விற்கும் ஒருத்தி, மேல்சரிவுப் பண்ணைகளுக்கு நாற்றுக் கொண்டுபோக ஒரு பழைய வண்டி தேடுகிறாளாம். வருகிற சனிக்கிழமை அவளுக்காக அதே மூவரும் அதே முற்றத்துக்குப் போவதாக முடிவாகிவிட்டது. அவளைக் கேட்டார்களா? கேட்கவில்லை, சொன்னார்கள். வேண்டாம் என்றாள் மருத்துவர். தரகரை நம்பாதீர்கள் என்றாள். ஓட்டப் போகிறவளை ஓட்டிப் பார்க்க விடுங்கள் என்றாள். பாப்பாவுக்குக் களைப்பு, படுக்கட்டும் என்றார்கள்.

எனவே படித்தது போதும், எழுந்திருங்கள். சனிக்கிழமை பத்து மணிக்கு ஏதோ ஒரு முற்றத்தில், உங்கள் தெருவிலோ பக்கத்துத் தெருவிலோ, ஒருத்தியின் பணத்தை எடுத்துக்கொண்டு மூவர் வட்டமடிக்கப் போகிறார்கள். அங்கே போய் நில்லுங்கள். ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்து, அவளை முதலில் உட்கார வையுங்கள். தாரிலிருந்து மண்ணுக்கு வண்டியை இறக்கச் சொல்லுங்கள். அவள் சரி என்று சொல்லும்வரை அந்தப் பண உறை எவர் கைக்கும் போகாமல் குறுக்கே நில்லுங்கள். பின்னிருக்கையில் அடுத்து அமரப் போகிறவள் நீங்களாக இருந்தால், ஏறாதீர்கள். கதவோரம் நின்று, ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவரை இறங்கச் சொல்லுங்கள்.